வலதுகோடி இடம்

நெப்ராஸ்காவுக்குக் கொயோட்டி வேட்டைக்குப் போவதென்று நாங்கள் மூன்று பேரும் முடிவெடுத்து எட்டு வருடம் ஆகிறது. எல்லா ஏற்பாடும் முடிந்துவிட்டது. கிளம்பவில்லை, அவ்வளவுதான்.

ஏற்பாடு என்றால் லேசான ஏற்பாடு இல்லை. மூன்று விரல் கனத்துக்கு ஒரு கோப்பு இருக்கிறது. எந்தச் சாலை, எந்த ஊரில் டீசல், எந்த ஊரில் மதியச் சாப்பாடு, பிப்ரவரி மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், ஆளுக்கு எத்தனை ஜோடி காலுறை என்று சகலமும் அதில் உண்டு. காலுறைக்கு மட்டும் இரண்டு பக்கம். கம்பளியா பருத்தியா என்பதில் நான்காம் வருடம் கருத்து வேறுபாடு வந்து ஒரு மாதம் பேசாமல் இருந்தோம். பிறகு இரண்டும் எடுத்துப்போவது என்று முடிவாயிற்று. எங்கேயும் போகவில்லை என்பதால் இரண்டுமே அலமாரியில் இருக்கின்றன.

கோப்பு ரஸ் யோடரின் பொறுப்பு. முப்பத்தோரு வருடம் எங்கள் ஊர்ப்பக்கம் தபால் போட்டு ஓய்வு பெற்றவன். காகிதம் என்றால் அவனுக்குத்தான் கை வரும். வண்டி ஹார்லனின் பொறுப்பு. ஹார்லன் என் மனைவி லோரெய்னின் அண்ணன். நாற்பது வருடம் மண் தோண்டும் இயந்திரம் ஓட்டியவர். அவர் மனைவி பதினோரு வருடத்துக்கு முன் ஒரு வாரம் தங்கிவிட்டு வருகிறேன் என்று ஃப்ளோரிடாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். இன்னும் அந்த வாரம் முடியவில்லை. மூன்றாவது ஆள் நான், மெர்ல். பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன். வேட்டையில் என் பொறுப்பு ஊதுவது.

கொயோட்டி தெரியாதவர்களுக்கு: நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி. அதைத் தேடிப் போனால் கிடைக்காது, வரவழைக்க வேண்டும். ஒரு மேட்டில் மறைந்து உட்கார்ந்து, சாகப்போகும் முயல் கத்துகிற மாதிரி ஒரு சின்ன ஊதலை வாயில் வைத்து ஊத வேண்டும். பிறகு இருபது நிமிடம் அசையக் கூடாது. இலவசச் சாப்பாடு என்று நினைத்து அது வரும்.

எங்கள் பென்சில்வேனியாக் காட்டிலும் கொயோட்டி ஏராளம். ஆனால் இங்கே எங்கே பார்த்தாலும் மரம், புதர், மேடு. வந்தால் முப்பதடி தூரத்தில் திடீரென்று நிற்கும். நாம் கண்ணைச் சிமிட்டித் திறந்தால் மரம்தான் நிற்கும். ஹார்லனுக்கு அது போதவில்லை. அவருடைய சித்தப்பா ஒருமுறை மேற்கே போய் வந்து சொன்னாராம்: அங்கே புல்வெளியில் அது முதலில் ஒரு புள்ளியாகத் தெரியும், பள்ளத்தில் இறங்கினால் மறையும், ஏறினால் மறுபடி தெரியும், ஒரு மைல் தூரத்திலிருந்து உன்னையே பார்த்து ஓடிவரும், நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கும் என்று. ஹார்லன் இதை வருடத்துக்கு நாலைந்து தடவை சொல்வார். "அது வர்றத முழுசா பாக்கணும் மாப்ளே. மொத புள்ளியிலேர்ந்து." அவருக்கு இந்த உலகத்தில் வேறு பெரிய ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எட்டு வருடமும் இந்த ஆசைக்குக் குறுக்கே படுத்துக்கிடந்தவன் நான்தான்.

முதல் வருடம் எனக்கு இடுப்புவலி. இரண்டாம் வருடம் பேத்திக்கு ஞானஸ்நானம். மூன்றாம் வருடம் பஸ்ஸுக்கு பிரேக் சோதனை. அடுத்த வருடம் நிலா சரியில்லை என்றேன். பகல் வேட்டைக்கு நிலா எதற்கு என்று இருவருமே கேட்கவில்லை, நல்ல மனிதர்கள். ஐந்தாம் வருடம் உலகம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்து எனக்கு உதவி செய்தது. அதற்குப் பிறகு என் இடுப்பு மறுபடி முன்வந்தது.

காரணம் இதுதான். நான் ஊதி இதுவரை ஒரு கொயோட்டியும் வந்ததில்லை. பல வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நின்று புது ஊதலைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேலியோரம் ஒரு கொயோட்டி வந்து நின்றதை ரஸ்ஸும் ஹார்லனும் பார்த்தார்கள். அது பக்கத்து வீட்டுக் கோழிக்கு வந்தது. அது எனக்கும் தெரியும், அதற்கும் தெரியும். அன்றிலிருந்து ஊரில் நான் பெரிய ஊதல்காரன். தனியாகக் காட்டுக்குப் போய் ஊதிப் பார்த்த வருடங்களில் வந்தவை: இரண்டு சிவப்பு நரி, பக்கத்துப் பண்ணை நாய் ஒன்று, என் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போன ஆந்தை ஒன்று. ஆயிரத்து ஐந்நூறு மைல் வண்டி ஓட்டிப்போய், அந்த வெட்டவெளியில், இரண்டு பக்கமும் இரண்டு பேர் துப்பாக்கியோடு காத்திருக்க, நடுவில் உட்கார்ந்து ஒன்றும் வராமல் ஊதிக்கொண்டிருப்பதை நினைத்தால் இடுப்பு நிஜமாகவே வலித்தது.

இந்த வருடம் நான் சாக்கு சொல்லவில்லை. சொல்ல முடியாமல் போயிற்று.

அக்டோபரில் ஹார்லனை லோரெய்ன்தான் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். யாரிடமும், முக்கியமாக மெர்லிடம், மூச்சு விடக் கூடாது என்று அவளிடம் அவர் சத்தியம் வாங்கியிருந்தார். அவரை வீட்டில் இறக்கிவிட்டு வந்து நாற்பது நிமிடம் தாங்கினாள். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொல்லிவிட்டாள். வலது கண்ணில் நடுவிலே ஒரு கறுப்புப் பொட்டு விழுந்துவிட்டது. ஓரத்தில் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. திரும்பாது. இடது கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அதிலும் ஆரம்பம் தெரிகிறது, ஒரு வருடமோ இரண்டு வருடமோ, சொல்ல முடியாது என்றாராம் டாக்டர்.

ஹார்லன் வலது கண்ணால் குறி பார்ப்பவர். முட்டி வலிக்கிறது என்று சொல்லித்தான் அந்தக் கோடையில் மண்தோண்டும் வேலையை விட்டிருந்தார். முட்டி அப்படியேதான் இருந்தது.

"அடுத்த வருஷம்னு சொன்னே, பாத்துக்கோ" என்றாள் லோரெய்ன். கையில் கத்தி இருந்தது.

ஆக, பிப்ரவரி ஒன்பதாம் தேதி கிளம்புவது என்று எட்டு வருடத்தில் முதல் தடவையாக நானே தேதி சொன்னேன். சனிக்கிழமை காலை ஹார்லனின் பட்டறையில், விறகடுப்புக்குப் பக்கத்தில், வழக்கமான கூட்டம். போலோனி என்கிற மான்கறித் தொத்திறைச்சி, சீஸ், காபி. ரஸ் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டிவிட்டு, உடம்பு சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டான்.

அங்கேதான் எதிர்பாராதது நடந்தது. ஹார்லன் சாக்கு சொல்ல ஆரம்பித்தார்.

முதல் சனிக்கிழமை வண்டியில் கியர் மாற்றும்போது ஒரு சத்தம் வருகிறது என்றார். திங்கட்கிழமை நானே வண்டியை எடுத்துப்போய்க் காட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. அடுத்த சனிக்கிழமை நாயை யாரிடம் விடுவது என்றார். லோரெய்ன் வந்து நாயைக் கயிற்றோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள், கிளம்ப இன்னும் ஒன்பது வாரம் இருக்கும்போதே. அடுத்தது பஞ்சாங்கம், பிப்ரவரி இரண்டாம் வாரம் பனிப்புயல் என்று அதில் போட்டிருக்கிறதாம். அதே பஞ்சாங்கம் போன வருடம் எங்கள் தீயணைப்பு நிலையத்துப் பிக்னிக் அன்று வெயில் என்று சொல்லி, நாங்கள் மழையில் கூடாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம் என்று ஞாபகப்படுத்தினேன். எட்டு வருடம் சாக்கு செய்து பழகியவனுக்கு அடுத்தவர் சாக்கில் எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். அவருடையது எல்லாம் கைப்பழக்கம் இல்லாத வேலை. பார்க்கவே பாவமாக இருந்தது.

இதற்கிடையில் அவர் காபியைக் கோப்பைக்கு அரை அங்குலம் வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். வரைபடத்தைக் கோழி தானியத்தைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். ரஸ் கோப்பைப் பார்த்தான்.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை வாண்டா ஸ்வோபொடாவுக்கு போன் போட்டோம். நாங்கள் வேட்டையாடப்போகும் நிலத்துக்குச் சொந்தக்காரர் வாண்டாக்கா, எழுபத்தெட்டு வயதில் அங்கே தனியாக மாட்டுப்பண்ணை நடத்துபவர். கன்று போடுகிற பருவத்தில் கொயோட்டித் தொல்லை. எட்டு வருடத்துக்கு முன் ரஸ் ஒரு பத்திரிகையில் அவர் கொடுத்திருந்த நாலு வரி விளம்பரத்தைப் பார்த்துக் கடிதம் எழுதினான். வரலாம், வேட்டைக்குப் பதிலாக ஒரு நாள் வேலி கட்டித் தர வேண்டும் என்று பதில் வந்தது. அதிலிருந்து வருடா வருடம் ஜனவரியில் போன் போட்டு வருகிறோம் என்று சொல்வதும், பிப்ரவரியில் போன் போட்டு வரவில்லை என்று சொல்வதும் வழக்கம். வாண்டாக்கா ஒருமுறைகூடக் கோபித்ததில்லை. வேலி அப்படியேதான் இருக்கிறது தம்பி, எங்கேயும் போகாது என்பார்.

போனை வேலைமேசைமேல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தோம். இந்த வருடம் உறுதியா என்றார். உறுதி என்றேன். என் இடுப்பை விசாரித்தார். ரஸ் பெருமையாகக் குனிந்து, வெளிமாநிலத்தாருக்கான நெப்ராஸ்கா வேட்டை அனுமதி மூன்றும் வாங்கிக் கையில் வைத்திருக்கிறோம் என்றான்.

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்துவது கேட்டது.

"நெப்ராஸ்கா எதுக்குத் தம்பி?" என்றார் வாண்டாக்கா.

ரஸ் அவர் முகவரியை ஒப்பித்தான். ஊர், வழி எண், மாநிலம்.

"அது தபால் பெட்டி. பெட்டி நெப்ராஸ்காவுல ரோட்டு மேல இருக்கு. நான் அங்கேர்ந்து நாலு மைல் வடக்கே இருக்கேன். இது தெற்கு டகோட்டா. வீடு, மாடு, நீங்க உக்காரப்போற மேடு, எல்லாம் டகோட்டாதான்."

எட்டு வருடக் கோப்பு. காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரியும், எந்த மாநிலத்தில் அடிக்கும் என்று தெரியவில்லை. இந்தத் தவற்றைச் செய்ய ஒரு தபால்காரனால்தான் முடியும். முப்பத்தோரு வருடம் பெட்டிக்குப் பெட்டி போனவனுக்குப் பெட்டி இருக்கும் இடம்தான் வீடு. அதற்குப் பின்னால் மனிதர்கள் வேறெங்கோ குடியிருக்கிறார்கள் என்பது அவன் துறையில் சேராது. ரஸ்ஸின் காது இரண்டும் சிவந்துவிட்டது. கோப்பை மூடி, மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான்.

நான் ஹார்லனின் முகத்தைப் பார்த்தேன். மூன்று மாதமாக இறுகியிருந்த முகம் தளர்ந்துவிட்டது.

"சரி விடு" என்றார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

இந்த வாக்கியத்தை நான் எட்டு தடவை சொல்லியிருக்கிறேன். இன்னொருவர் வாயிலிருந்து வந்து கேட்பது அதுதான் முதல் தடவை. நன்றாகவே இல்லை.

டகோட்டா அனுமதியைக் கணினியில் பத்து நிமிடத்தில் வாங்கிவிடலாம் என்று ரஸ் மெதுவாகச் சொன்னான். ஒன்று தப்பானால் எல்லாமே தப்பாகத்தான் இருக்கும், இது ஒரு சகுனம் என்றார் ஹார்லன். சகுனத்தில் எல்லாம் நம்பிக்கை உள்ள ஆள் இல்லை அவர். நாய்க்குச் சோறு வைக்க வேண்டும் என்று எழுந்து வெளியே போனார். நாய் எங்கள் வீட்டில் இருந்தது.

நானும் ரஸ்ஸும் மட்டும் இருந்தோம். லோரெய்ன் என்னிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். மூன்று மாதம் காப்பாற்றினேன், எனக்கே அது ஆச்சரியம். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"கண்ணுதானே" என்றான் ரஸ். "தெரியும்டா. நவம்பர்லேர்ந்து மேசைக்குத்தானே காபி ஊத்தறான்."

பிறகு அவன் கோப்பைத் திறந்தான். திறந்த பக்கம் உட்காரும் வரைபடம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஊதுகிறவன் நடுவில். காற்று இடமிருந்து வலமாக அடிக்கும்படி உட்கார வேண்டும். கொயோட்டி நேராக வராது. சுற்றிக்கொண்டு போய், காற்று போகிற பக்கம் நின்று, முயலா மனிதனா என்று மோப்பம் பிடித்துப் பார்க்கும். அதாவது வலதுகோடிக்கு வரும். வலதுகோடியில் உட்காருகிறவனுக்குத்தான் பெரும்பாலும் அது கிடைக்கும். வலது தோளில் துப்பாக்கி வைப்பவன் உட்கார்ந்தபடி இடப்பக்கம் சுலபமாகத் திரும்பலாம், வலப்பக்கம் திரும்ப உடம்பு மறுக்கும். இடது கைக்காரனுக்கு நேர்மாறு. ரஸ் இடது கைக்காரன். அதனால் எட்டு வருடமாக, காகிதத்தில், வலதுகோடி ரஸ்ஸுடையது. இடதுகோடி ஹார்லனுடையது. ஹார்லன் இதைப்பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. உடம்பு வாகு அப்படி, என்ன செய்வது என்பார்.

ரஸ் அழிரப்பரை எடுத்தான். வலதுகோடியில் இருந்த தன் பெயரை அழித்தான். பேனாவால் எழுதியது, சரியாகப் போகவில்லை. அழிந்தும் அழியாத பெயர்மேல் ஹார்லன் என்று எழுதினான். இடதுகோடியைக் காலியாக விட்டான்.

நீ எங்கே உட்காருவாய் என்று கேட்டேன்.

"நான் வண்டியிலயே இருக்கேன். வாழ்க்கை பூரா வண்டியிலதானே இருந்தேன்" என்றான். "என் துப்பாக்கிய அவன் எடுத்துக்கட்டும். அது இடது கைக்குச் செஞ்சது. இனிமே அவன் இடது கண்ணாலதானே குறி பாக்கணும்."

மாநிலத்தையே தப்பாக எழுதியவன் வேறென்ன செய்ய முடியும் என்பது அவன் முகத்தில் இருந்தது. 

ஹார்லன் திரும்பி வந்தபோது வரைபடம் மேசைமேல் இருந்தது. நாங்கள் போலோனி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு மறுபக்கம் சாய்த்துப் பார்த்தார். காகிதத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். ரொம்ப நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். பெயர் மாறியிருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். வேட்டைக்காரனுக்கு அது போதும். வலது தோள்காரனை வலதுகோடியில் யாரும் உட்காரவைக்க மாட்டார்கள்.

"லோரெய்ன்" என்றார்.

"நாப்பது நிமிஷம் தாங்கினா" என்றேன்.

"அவளுக்கு அது ஜாஸ்திதான்."

மறுபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், படவில்லை. அது எனக்கு வசதியாக இல்லை. எனவே, யோசிக்காமல், என் பக்கத்து உண்மையையும் எடுத்துப் போட்டுவிட்டேன். எட்டு வருடமும் தள்ளிப்போட்டது நான்தான் மச்சான், என் இடுப்புக்கு ஒன்றும் இல்லை, நான் ஊதி ஒரு கொயோட்டியும் வந்ததில்லை, அன்றைக்கு வேலியோரம் வந்தது கோழிக்கு வந்தது என்று சொல்லி முடித்தேன்.

"தெரியும் மாப்ளே" என்றார். "அன்னிக்குக் கோழிய அது கவ்விட்டுப் போனத நான் பாத்தேனே."

"அப்புறம் ஏன் என்னையே ஊதச் சொன்னீங்க?"

"நம்ம மூணு பேர்ல துப்பாக்கி சுட்டா குறி தவறறவன் நீ ஒருத்தன்தான். உனக்கும் ஒரு வேல குடுக்கணும்ல."

ரஸ் தலையாட்டினான். இருபது வருடமாக அவனுக்கும் தெரியும்போல.

கொஞ்ச நேரம் கழித்து ஹார்லன் தன் விஷயத்துக்கு வந்தார். அடுப்பைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். கண் போவதைவிட, வெளியே தெரிவதைவிட, அவரைத் தடுத்தது வேறு. "இடது தோள்ல நான் சுட்டதே இல்ல. அடிபட்டு, சாகாம, ஓடிடுச்சுன்னா? அந்த வெட்டவெளில எங்கன்னு போய்த் தேடுவேன்? தேடறதுக்கும் கண்ணு வேணும்." ஐம்பது வருட வேட்டையில் அவர் காயப்படுத்தி விட்டுவிட்டு வந்த மிருகம் ஒன்று, ஒரு பெண்மான். அதைத் தேடி மூன்று நாள் காட்டில் அலைந்தார். அது இருபத்திரண்டு வயதில். இன்னும் அந்தப் பக்கம் போனால் பேச்சைக் குறைத்துவிடுவார்.

சுட்டுப் பழகலாம், இரண்டு வாரம் இருக்கிறது என்றான் ரஸ்.

ஹார்லன் ஒரு நிபந்தனை போட்டார். நூறு கஜ தூரத்தில் காகிதத் தட்டு, ஐந்து குண்டு. கிளம்புகிறதற்கு முந்தைய நாளில் ஐந்தும் தட்டுக்குள் விழ வேண்டும். நான்கு போதுமே என்றேன். நீ பஸ் ஓட்டினவன், ஐந்து பிள்ளைகளில் நான்கை வீட்டில் விட்டால் போதும் என்று இருந்தாயா என்று கேட்டார். நான் போலோனியை எடுத்துக்கொண்டேன்.

தினமும் காலை, பட்டறைக்குப் பின்னால் ஹார்லன் முன்பு சரளைக்கல் தோண்டிய குழியில் சந்தித்தோம். முதல் நாள் குண்டுகள் தட்டின் மாவட்டத்திலேயே விழவில்லை. அறுபத்தாறு வருடம் வலது பக்கம் வாழ்ந்த உடம்பு இடது பக்கம் குடிபோக மறுத்தது. கை தானாக வலது தோளுக்குப் போகும். அவர் அதைப் பிடித்து இழுத்து வருவார், முரட்டு மாட்டை இழுக்கிற மாதிரி. ரஸ் பின்னால் நின்று முழங்கையை இப்படி, கன்னத்தை அப்படி என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எதையும் யாருக்கும் சொல்லிக்கொடுத்த அனுபவம் இல்லாதவன், ஆனால் தபாலைப் போலவே விடாமல் வந்தான். நான் தட்டு மாற்றினேன். நான்காம் நாள் ஒன்று விழுந்தது. எட்டாம் நாள் மூன்று. ஹார்லன் சாக்கு சொல்வதை நிறுத்திவிட்டிருந்தார். காலையில் எங்களுக்கு முன்னால் வந்து நிற்பார்.

எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. காற்று இல்லை, வெளிச்சம் நன்றாக இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஹார்லன் உட்கார்ந்தார். ஐந்து குண்டு, அவசரம் இல்லாமல். ரஸ் தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினான். நான்கு விரல் மடங்கியது. ஐந்தாவது மடங்கவில்லை.

நான் போய்த் தட்டை எடுத்துவந்தேன். நடக்கும்போதே, தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தால் அதைக் குண்டு உரசியது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். கிழிசல் இல்லை. நானே கிழித்தால் என்ன என்றும் யோசித்தேன். பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே எனக்குக் கை நடுங்கும், நன்றாகக் கிழிக்க வராது. அப்படியே கொடுத்தேன்.

ஹார்லன் தட்டைத் தடவிப் பார்த்தார். விரலால் எண்ணினார்.

இது அருமையான குறி, பத்துப் பேரில் எட்டுப் பேரால் முடியாது, கொயோட்டி எண்பது கஜத்துக்குள் வந்துவிடும் என்றெல்லாம் ரஸ் சொன்னான். சொன்னது எல்லாம் உண்மை.

"அஞ்சாவது எங்க போச்சு?" என்றார் ஹார்லன்.

ரஸ் தூரக்கண்ணாடியை உறையில் போட்டான்.

"அது கொயோட்டியோட பின்னங்கால்ல போச்சு. மூணு காலோட அது எங்கயோ ஓடிட்டிருக்கு." துப்பாக்கியிலிருந்து காலி உறையைத் தள்ளி வெளியே எடுத்து, குழலைத் துடைத்து, ரஸ்ஸிடம் நீட்டினார். "ரொம்ப நல்லா இருக்கு. நீயே வெச்சுக்கோ."

பட்டறைக்கு நடந்தோம். வண்டியில் சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டிருந்தது. கம்பளி, பருத்தி, வேலி கட்ட முள்கம்பி இழுக்கும் கருவி, டகோட்டா அனுமதி மூன்று. எனக்கு லோரெய்னிடம் என்ன சொல்வது என்பதைத் தவிர வேறு யோசனை ஓடவில்லை. பத்து வாரம் சாக்குகளைப் பிரித்துப் போட்டேன். இது சாக்கு இல்லை. இதைப் பிரிக்க என்னிடம் கருவி இல்லை.

ஹார்லன் வேலைமேசைக்குப் போய், எண்ணைச் சொல்லுடா என்று ரஸ்ஸைக் கேட்டு, வாண்டாக்காவுக்கு அவரே போன் போட்டார். எட்டு வருடத்தில் அவர் அந்த அம்மாவோடு நேராகப் பேசியதில்லை. நாங்கள் பேசுவோம், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். போனைக் காதில் வைத்துக்கொண்டார். அதனால் இந்தப் பக்கம் மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது.

தான் இன்னார் என்றார். நாளைக் காலை கிளம்புகிறோம் என்றார். ரஸ் என்னைப் பார்த்தான், நான் ரஸ்ஸைப் பார்த்தேன்.

"ஒரு விஷயங்க்கா. எனக்கு வலது கண்ணு போயிடுச்சு. இடதும் போகப்போகுது. நான் சுட மாட்டேன், ரஸ்தான் சுடுவான். நான் சும்மா அவனோட உக்காந்து பாக்கறேன். அதுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லியே?"

அவர் கண்ணைப்பற்றித் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. எங்களிடம்கூடச் சொன்னதில்லை, வரைபடம்தான் சொன்னது.

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, ஹார்லன் கேட்டுக்கொண்டிருந்தார். வேலி வேலை உண்டு என்று சொல்லியிருக்க வேண்டும். கம்பம் பிடிக்கக் கண் எதற்கு, கை போதும், பிடிக்கிறேன் என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"இன்னொண்ணு கேக்கணும். உங்க நிலத்துல ரொம்ப தூரம் தெரியற மாதிரி இடம் எது?"

அதற்கு நீளமான பதில் வந்தது. ஹார்லன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். தண்ணீர்த்தொட்டி மேடு என்றார், எங்கள் பக்கம் திரும்பி, ரஸ்ஸுக்கு எழுதிக்கொள்ளச் சைகை காட்டி. அங்கிருந்து பார்த்தால் என்னவெல்லாம் தெரியும் என்று கேட்டார். மரம் உண்டா என்று கேட்டார். ஒன்றுகூட இல்லையா என்று கேட்டார். பனி இருக்குமா, பனிமேல் அது எந்த நிறத்தில் தெரியும் என்று கேட்டார். வாண்டாக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். எழுபத்தெட்டு வருடம் அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர், இதுவரை ஒருவரும் அவரிடம் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

காபி ஆறியது. ரஸ் வண்டியின் முன்னிருக்கையில் இருந்த தன் சாமானைப் பின்னால் மாற்றி, அங்கே ஹார்லன் சாய்ந்து உட்காரத் தோதாக இடம் பண்ணிவிட்டு வந்தான். ஹார்லன் இன்னும் போனில்தான் இருந்தார். ஒரு கையால் போனின் வாயைப் பொத்திக்கொண்டு எங்களிடம் திரும்பினார்.

"ரெண்டு மைல் தெரியுமாம்" என்றார்.

பிறகு மறுபடி காதில் வைத்துக்கொண்டு, காலை எத்தனை மணிக்கு அங்கே வெளிச்சம் வரும் என்று கேட்க ஆரம்பித்தார்.